ஜிம்னி வாங்கிவிட்டேன், தார் வாங்காதது தப்பா? வேலூர் பக்கம் மலைப்பாதை ஓட்ட எப்படிப் பழகுவது?

தப்பே இல்லை. ஐந்து கதவு மாருதி ஜிம்னி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, மஹிந்திரா தார் வைத்திருக்கும் நண்பர்கள் "பொம்மை வண்டி" என்று கிண்டல் செய்கிறார்கள், ஜவ்வாது மலைப் பக்கம் இதை நம்பிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம்.

நான் அணைக்கட்டு பக்கம் போர்வெல் மோட்டார் வேலை செய்பவன். மலை ஊர்களில் மோட்டார் நின்றுவிட்டால் பைப், கேபிள், செயின் பிளாக் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும். அதற்காக 2011இல் ஒரு பழைய மாருதி ஜிப்ஸி வாங்கினேன். போட்டி கீட்டி எதற்கும் போனதில்லை, சேற்றைத் தெறிக்கவிட்டு வீடியோ எடுத்ததும் இல்லை. போன வேலையை முடித்து இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. இந்தப் பதிலும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

முதலில் எடை. உங்கள் ஜிம்னி சுமார் 1,200 கிலோ. தார் ஒன்றே முக்கால் டன்னைத் தொடும். மணலிலும் சேற்றிலும் இந்த அரை டன் வித்தியாசம் பெரிய விஷயம். கனமான வண்டி புதைகிற இடத்தில் லேசான வண்டி மேலாகவே நகர்ந்துவிடும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் கை கொடுத்தால் வெளியே வந்துவிடும். மலைப்பாதையில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்குவதற்கு அகலம் குறைவாக இருப்பதும் வசதி. ஆனால் ஓடும் தண்ணீரில் இதே எடை நமக்கு எதிரி. லேசான வண்டியைத் தண்ணீர் சீக்கிரம் தூக்கிவிடும். ஓடையில் இறங்கி ஒரு குச்சியோடு நடந்து பாருங்கள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறினாலோ, நிற்கும்போது கால் இழுபட்டாலோ திரும்பிவிடுங்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போய் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இப்போது என் அவமானக் கதை. வண்டி வாங்கிய மறு கோடையில் விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்று மணலில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு இறங்கினேன். நூறடி போனதும் வண்டி நின்றுவிட்டது. கியர் மாற்றினேன், 4எல் (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் நிலை) போட்டேன், ஆக்சிலேட்டரை மிதித்தேன். மணல் பறந்தது, வண்டி உட்கார்ந்தது. கரையில் டிராக்டரை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "இன்னாண்ணா, பின் சக்கரம் பள்ளம் நோண்டிக்கினு கீது, முன் சக்கரம் சும்மாவே கீது?" என்றார். அப்போதுதான் உறைத்தது. என் ஜிப்ஸியில் முன் சக்கரத்தின் நடுவில், ஹப் என்கிற இடத்தில், ஒரு திருகு இருக்கும். இறங்கிப் போய் இரண்டு பக்கமும் அதை லாக்கில் திருப்பினால்தான் முன் சக்கரத்துக்கு இழுவை போகும். நான் உள்ளே லீவரை மட்டும் போட்டுவிட்டு ஃபோர் வீல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை, லீவரைப் போட்டால் முன் ஹப் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

அன்று அவர் செய்தது எளிமையான வேலை. டிராக்டரைக் கொண்டுவரவே இல்லை. நாலு டயரிலும் காற்றை இறக்கச் சொன்னார். என்னிடம் மீட்டர் இல்லை, டயர் கொஞ்சம் தொப்பை போடும் வரை இறக்கினோம். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, ஹப்பை லாக் செய்து, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தேன். வந்துவிட்டது. காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் அதிக மணலில் படியும், எடை பரவும். இப்போது மணலில் இறங்கும் முன்பே 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுகிறேன். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் பயம் உண்டு. ஒரு நல்ல மீட்டரும் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசரும் வாங்குங்கள். மற்ற எந்த அலங்காரமும் அப்புறம்.

ஒரு எச்சரிக்கை. கடப்பாரை, மண்வெட்டி, கயிறு சகிதம் பாலாற்றுக்குள் நின்றால் இந்த ஊரில் உங்களை மணல் அள்ள வந்தவன் என்றுதான் பார்ப்பார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தெரிந்துகொண்டு, பகலில் போங்கள்.

மலைக்கு வருவோம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் ரோட்டிலோ 4எச் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல்) போட வேண்டாம். உங்கள் வண்டியில் முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும் அமைப்பு. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் சுற்ற வேண்டும். மண்ணில் என்றால் கொஞ்சம் வழுக்கிச் சரி செய்துகொள்ளும், தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. ஸ்டியரிங் இறுகும், பற்சக்கரங்கள் தேயும். தார் ரோடு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் போட்டால் போதும்.

கல் பாதையில் நான் கற்றது எல்லாம் பீஞ்சமந்தைப் பக்கம் பிக்கப் ஓட்டும் ஒரு பெரியவரிடம். அவர் வண்டி ஃபோர் வீல்கூட இல்லை, பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. பின்னால் அரிசி மூட்டை, அதன்மேல் ஆள், ஆட்டுக்குட்டி. அந்த மூட்டைக் கனம்தான் பின் சக்கரத்துக்குப் பிடி கொடுக்கிறது. நான் பாதையில் ஒரு பெரிய கல்லைக் கண்டால் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு ஓட்டுவேன். கார் ஓட்டிப் பழகிய எல்லோரும் செய்வது. "கல்ல நடுவுல வுடாத தம்பி, டயர அதும்மேல ஏத்து" என்றார். காரணம் கீழே குனிந்து பார்த்தால் புரியும். அச்சில் குண்டாகத் தொங்குகிற, இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்தான் வண்டியின் மிகத் தாழ்ந்த இடம். ஜிம்னிக்குச் சொல்லும் 210 மில்லிமீட்டர் என்பது அந்தக் குண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான். கல்லை நடுவில் விட்டால் அதில்தான் இடிக்கும். டயரை ஏற்றினால் அச்சே உயர்ந்துவிடும். உங்கள் வண்டியில் அந்தக் குண்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று ஒருமுறை பாய் விரித்துப் படுத்துப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை உயர்த்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால் சிரித்துவிட்டு அனுப்புங்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் உயரும், குண்டு அங்கேயேதான் தொங்கும்.

ஐந்து கதவுக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஜப்பானில் ஓடும் மூன்று கதவு ஜிம்னிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,250 மில்லிமீட்டர், உங்களுடையதில் 2,590. மேடு ஏறி இறங்கும் உச்சியில் வயிறு தட்டும். வரப்பு, பழைய ஏரிக்கரை மாதிரி கூர்மையான மேட்டை நேராக ஏறாமல் சற்றுச் சாய்வாக எடுங்கள், ஆனால் வண்டி பக்கவாட்டில் சரியும் அளவுக்கு அல்ல.

குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் இருந்து ஒரு முன் சக்கரமும் எதிர்ப்புறப் பின் சக்கரமும் அந்தரத்தில் நின்றால், என் ஜிப்ஸியில் அந்த இரண்டும் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் இரண்டும் அசையாது. உங்கள் வண்டியில் 4எல் போட்டிருந்தால் சுற்றும் சக்கரத்தை பிரேக் தானே பிடித்து, இழுவையை மற்றதுக்குத் தள்ளும். அதற்கு ஒரு மூச்சு நேரம் ஆகும். பயந்து காலை எடுத்துவிடாமல் ஒரே சீராக மிதித்துக் காத்திருங்கள். கடகடவென்று சத்தம் வரும், அது பழுது அல்ல.

இறக்கத்தில் 4எல், முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வண்டி மாடு நடப்பது போல இறங்கும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல் உள்ளே மாட்டாமல் மேலேயே இருக்கட்டும். கல்லில் சக்கரம் திரும்பினால் ஸ்டியரிங் சுழன்று விரலைத் திருகிவிடும். என் இடது கட்டைவிரல் மழை வந்தால் இன்னும் வலிக்கிறது.

கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால் வண்டியின் கொக்கியில் மட்டும் கட்டுங்கள், பம்பரில் வேண்டாம். கயிற்றின்மேல் ஈரக் கோணி ஒன்றைப் போட்டுவிட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அறுந்த கயிறு ஆளைக் கொல்லும்.

எங்கே பழகுவது? கோடையில் உங்கள் ஊர் ஏரியே போதும், ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். கரைமேல் ஏற்ற வேண்டாம். அமிர்தி, ஜவ்வாது மலைப் பகுதியில் பெரும்பாலும் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் பாதையை விட்டு விலகினால் குற்றம். சந்தனக் காடு என்பதால் புது வண்டியை வனத்துறையினர் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது.

இன்னொன்று, மழை பெய்த மறுநாள் மலை ஊர்களின் மண்பாதையில் விளையாடப் போகாதீர்கள். 2023இல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை வழி சரியில்லாமல் இறந்துபோனது, உடலைத் தாய் கையிலேயே சுமந்து நடந்தார். அந்த மாதிரிப் பாதையில் நாம் டயரைச் சுற்றவிட்டு முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் போட்டுவிட்டு வேலூருக்கு வந்து வண்டியைக் கழுவிக்கொண்டிருப்போம். அடுத்த நாள் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அந்தப் பிக்கப் அதில்தான் இறங்கி வர வேண்டும். மண் காயட்டும், ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். கிண்டல் செய்த அந்தத் தார் நண்பரையே கூட்டிக்கொண்டு போங்கள். முன்னால் நீங்கள் போங்கள், கயிறு உங்கள் வண்டியில் இருக்கட்டும்.