கேள்வி நேரம்: லேப்டாப் படம் டிவியில், ஒயர் இல்லாமல்

கம்ப்யூட்டரை ஸ்மார்ட் டிவியோடு ஒயரில்லாமல் இணைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் விண்டோஸ் 11 லேப்டாப் இருக்கிறது. போனிலிருந்து யூடியூப் வீடியோவை டிவிக்கு அனுப்ப முடிகிறது. லேப்டாப்பில் மட்டும், டிவியின் பெயர் பட்டியலில் தெரிந்தாலும் 'கனெக்டிங்' என்று சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் நின்றுவிடுகிறது. ஒரே வைஃபைதானே, ஏன் இப்படி? (மதுரை வாசகர்)

இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதால்தான். போனில் காஸ்ட் பொத்தானை அழுத்தும்போது போன் டிவிக்குச் சொல்வதெல்லாம் 'இந்த வீடியோவை நீயே எடுத்து ஓட்டு' என்பதைத்தான். டிவி அதை நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. போன் வெறும் ரிமோட். லேப்டாப்பில் விண்டோஸ் கீயையும் கே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நடப்பது மிராகாஸ்ட். வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2012-ல் கொண்டுவந்த முறை இது. இதில் லேப்டாப் தன் திரையை நொடிக்கு நொடி வீடியோவாகச் சுருக்கி, ரவுட்டரைத் தொடாமல், வைஃபை டைரக்ட் வழியாக நேரே டிவிக்கு அனுப்புகிறது. ஆகவே 'ஒரே வைஃபையில் இருக்கிறோம்' என்பது இங்கே பெரிதாக உதவாது.

பெயர் தெரிந்தும் இணையவில்லை என்றால் முதலில் டிவியைப் பாருங்கள். முதல் முறை கேட்ட அனுமதிக்கு யாராவது ரிமோட்டில் 'டினை' கொடுத்திருந்தால், சில டிவிகள் அதன்பிறகு கேட்பதே இல்லை. அமைதியாக மறுத்துக்கொண்டே இருக்கும். சாம்சங் டிவிகளில் எக்ஸ்டர்னல் டிவைஸ் மேனேஜர் மெனுவுக்குள் டிவைஸ் கனெக்ட் மேனேஜர், அதற்குள் டிவைஸ் லிஸ்ட் இருக்கும். உங்கள் லேப்டாப் பெயரை அங்கிருந்து நீக்கினால் மறுபடி கேட்கும். மாடலுக்கு மாடல் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். எல்ஜி டிவிகளில் ஸ்க்ரீன் ஷேர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இணைத்துப் பாருங்கள்.

அடுத்து, லேப்டாப் செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ் பக்கத்தில் டிவியின் பழைய பதிவு இருந்தால் 'ரிமூவ்' செய்யுங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது உண்மையில் தூங்கத்தான் செய்கிறது. எனவே சுவர் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். நம்பினால் நம்புங்கள், பாதிப் புகார்கள் இந்த ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இதற்கும் மசியாவிட்டால் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் மென்பொருள்) ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். பிறகு விண்டோஸின் காவல் சுவரான ஃபயர்வாலில் 'அலோ ஆன் ஆப்' பட்டியலைத் திறந்து, 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்ற வரியில் பிரைவேட், பப்ளிக் இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் ஃபயர்வாலும் குறுக்கே நிற்கலாம். மிராகாஸ்ட் பேச்சு 7236 என்ற போர்ட்டில், அதாவது தகவல் போகும் எண்ணிட்ட வாசலில், நடக்கிறது. அது அடைபட்டால் பெயர் தெரியும், படம் வராது.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'வயர்லெஸ் டிஸ்ப்ளே' என்று ஒன்று உண்டு. இதை இன்ஸ்டால் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். உங்கள் லேப்டாப்பை டிவி மாதிரி ஆக்கி, மற்றக் கருவிகளின் படத்தை வாங்கிக் காட்டுவதற்கானது அது. அனுப்புவதற்கு அது தேவையில்லை.

கேள்வி: இணைகிறது, ஆனால் படம் விக்கி விக்கி வருகிறது. உதட்டசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். லேப்டாப் புதியது, இணைய வேகமும் 100 எம்பிபிஎஸ். (கோவை வாசகர்)

இணைய வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லேப்டாப்புக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு வைஃபை ரேடியோதான் இருக்கிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் பேச வேண்டும்: ஒரு பக்கம் ரவுட்டர், மறுபக்கம் டிவி. ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் 6-ஆம் சேனலிலும், டிவி 5 கிகாஹெர்ட்ஸில் 36-ஆம் சேனலிலும் இருந்தால், அந்த ஒற்றை ரேடியோ அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். தாவும் இடைவெளியில் விழும் ஃபிரேம்கள்தான் உங்கள் விக்கல்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. லேப்டாப்பில் ஏற்கெனவே சேமித்து வைத்த ஒரு வீடியோவை எடுங்கள். வைஃபையை அணைக்காமல், ரவுட்டரிலிருந்து மட்டும் 'டிஸ்கனெக்ட்' செய்யுங்கள். வைஃபையை முழுதும் அணைத்தால் மிராகாஸ்டும் போய்விடும். இப்போது டிவியில் இணைத்து ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால், கோளாறு இந்தத் தாவலில்தான்.

மருந்து: லேப்டாப்பை ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள். ரவுட்டர் இரண்டு பட்டைகளையும் ஒரே பெயரில் காட்டினால், அதன் அமைப்புப் பக்கத்தில் இரண்டையும் பிரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியவை. ரவுட்டர் அங்கே போய் உட்கார்ந்தால் மிராகாஸ்ட் பல கருவிகளில் தடுமாறும்.

விலை குறைந்த டிவிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே இருப்பதும் உண்டு. அப்படியானால் லேப்டாப்பையும் 2.4-லேயே இணைப்பது நல்லது, தாவலாவது குறையும். புளூடூத் மவுஸ், புளூடூத் ஹெட்போன், சமையலறை மைக்ரோவேவ் எல்லாம் இதே 2.4 பட்டையில்தான் நெருக்கியடிக்கின்றன. அவற்றை நிறுத்திப் பாருங்கள்.

விக்கல் போனாலும் சிறு தாமதம் இருக்கத்தான் செய்யும். திரையைப் பிடித்து, சுருக்கி, அனுப்பி, டிவியில் விரிப்பதற்குள் மவுஸ் அசைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பின்தங்கிவிடும். டிவியில் 'கேம் மோட்' போட்டால் கொஞ்சம் குறையும். சினிமாவுக்கு இது பொருட்டில்லை. கம்ப்யூட்டர் கேம் ஆடுவதற்கு ஒயரில்லா முறையை நாங்கள் சிபாரிசு செய்யவே மாட்டோம். ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப்பை டிவியில் போட்டால் நெட் டேட்டா தீருமா? (திருநெல்வேலி வாசகர்)

லேப்டாப்பில் இருக்கும் ஃபைலை மிராகாஸ்டில் காட்டினால் ஒரு எம்பி கூடச் செலவாகாது. இணையமே இல்லாத ஊரிலும் இது நடக்கும். யூடியூப் பார்த்தால், பார்ப்பதற்கான டேட்டா எப்படியும் ஆகும். அதில் ஒரு நுணுக்கம்: காஸ்ட் பொத்தானை அழுத்தினால் டிவியே வீடியோவை எடுப்பதால், 4கே டிவி உயர்ந்த தரத்தைத் தானாகத் தேர்ந்து டேட்டாவைக் குடித்துவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பார்ப்பவர்கள், வீடியோ ஓடும்போது டிவியின் பற்சக்கரக் குறியில் போய்த் தரத்தை 720-க்குக் குறையுங்கள்.

கேள்வி: 'இந்தக் கம்ப்யூட்டர் மிராகாஸ்டை ஆதரிக்கவில்லை' என்று வருகிறது. என்னுடையது டெஸ்க்டாப், ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் போட்டிருக்கிறேன். என் மகனின் விண்டோஸ் 7 லேப்டாப்பில் அந்த மெனுவே இல்லை. என்ன வாங்க வேண்டும்? (ஈரோடு வாசகர்)

அநேகமாக எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸில் மிராகாஸ்ட் வந்தது 8.1 பதிப்பில், 7-ல் கிடையாது. உங்கள் டெஸ்க்டாப்பிலோ வைஃபையே இல்லாமல் இருக்கலாம், இருந்தும் அணைந்திருக்கலாம். இரண்டுக்கும் அதே செய்திதான் வரும்.

உறுதி செய்ய, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் 'சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்' பொத்தான் இருக்கும். சேமித்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் மேல் பகுதியிலேயே மிராகாஸ்ட் என்று ஒரு வரி. 'அவைலபிள்' என்றால் கருவி தயார். கிராஃபிக்ஸ் டிரைவர் ஆதரிக்கவில்லை என்றிருந்தால், கம்ப்யூட்டர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிஸ்ப்ளே டிரைவரைப் புதுப்பியுங்கள். வைஃபை டிரைவரையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

டெஸ்க்டாப்புக்கு எளிய வழி, டிவியில் கூகுள் காஸ்ட் இருந்தால் குரோம் பிரவுசர். அதற்கு மிராகாஸ்டும் வேண்டாம், கம்ப்யூட்டரில் வைஃபையும் வேண்டாம். டெஸ்க்டாப் லேன் கேபிளிலும் டிவி வைஃபையிலுமாக, இரண்டும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். குரோமின் மூன்று புள்ளி மெனுவில் 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்', அதில் 'காஸ்ட்'. பெட்டியில் 'சோர்சஸ்' என்பதைத் திறந்தால் ஒரு டேபை மட்டும் அனுப்புவதா, முழுத் திரையையுமா என்று கேட்கும். டிவி பட்டியலில் வராவிட்டால், அது கெஸ்ட் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்டில் இருக்கும் கருவிகள் மற்றவற்றின் கண்ணில் படாது. ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' என்ற அமைப்பு ஆனில் இருந்தாலும் இதே கதை. ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபைகளில் காஸ்ட் வேலை செய்யாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அங்கே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 7 லேப்டாப்பைப் பொறுத்தவரை, குரோம் அதற்குப் புதிய பதிப்புகள் தருவதை 2023-லேயே நிறுத்திவிட்டது. அதற்கு மட்டும் ஹெச்டிஎம்ஐ கேபிளே சரி.

கேள்வி: ஓடிடி படத்தை லேப்டாப் பிரவுசரில் ஓட்டி டிவிக்கு அனுப்பினால் சத்தம் வருகிறது, திரை கறுப்பு. (சேலம் வாசகர்)

காப்புரிமைப் பூட்டு. திரையைப் படம் பிடிப்பதை அந்தத் தளம் தடுக்கிறது. திரையை அப்படியே டிவிக்கு அனுப்பும் மிரரிங்கும் அதன் கண்ணுக்குப் படம் பிடிப்பதுதான். டிவியிலேயே அந்த ஓடிடி ஆப்பைப் போட்டு அதே கணக்கில் நுழையுங்கள். படமும் தெளிவாக இருக்கும்.

கேள்வி: டவுன்லோட் செய்த படத்தை ரைட் கிளிக் செய்து 'காஸ்ட் டு டிவைஸ்' கொடுத்தேன். ஒரு படத்துக்கு ஒலி இல்லை. இன்னொன்றில் தமிழ் சப்டைட்டில் வரவில்லை. அதே ஃபைலைப் பென்டிரைவில் போட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. (திருச்சி வாசகர்)

நீங்கள் பயன்படுத்தியது மூன்றாவது முறை, டிஎல்என்ஏ. இதில் லேப்டாப் ஃபைலை அப்படியே கொடுக்கிறது. பிரித்து ஓட்டுவது டிவியின் பொறுப்பு. டிவிக்குத் தெரியாத வடிவம் என்றால் தடுமாறும். ஒலி வராத படத்தில் டிடிஎஸ் ஒலித்தடம் இருக்க வாய்ப்பு அதிகம். பல டிவிகளில் அதற்கு உரிமம் இல்லை.

சப்டைட்டில் இந்த வழியில் எப்போதும் சேர்ந்து போவதில்லை. பென்டிரைவில் கட்டம் வருவது டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாததால். கட்டத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால் சப்டைட்டில் ஃபைலையே சந்தேகியுங்கள்: நோட்பேடில் திறந்து, எழுத்து சரியாகத் தெரிந்தால், 'சேவ் ஆஸ்' பெட்டியில் என்கோடிங்கை 'யுடிஎஃப்-8' என்று மாற்றிச் சேமிக்க வேண்டும்.

இரண்டு தலைவலிக்கும் ஒரே மாத்திரை உண்டு. லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் படத்தை முழுத்திரையாக ஓட்டி, மிராகாஸ்டில் அனுப்புங்கள். ஒலியைப் பிரிப்பதும் தமிழ் எழுத்தை வரைவதும் லேப்டாப்பிலேயே முடிந்துவிடுவதால் டிவிக்குப் படம் காட்டும் வேலை மட்டும்தான். இதற்குக் கொடுக்கும் விலை, தரம் பெரும்பாலும் 1080-ஐத் தாண்டாது. சத்தம் லேப்டாப்பிலேயே வந்தால், டாஸ்க்பாரின் ஒலிக் குறியைத் திறந்து டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: பள்ளியில் ஸ்மார்ட் டிவி இருக்கிறது, இணையம் இல்லை. பவர்பாயின்ட் பாடத்தை நடந்துகொண்டே நடத்த ஆசை. (தஞ்சாவூர் ஆசிரியர்)

டிவியில் மிராகாஸ்ட் இருந்தால் இணையம் வேண்டாம். இணைத்த பிறகு விண்டோஸ் கீயோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். ஸ்லைடு ஷோவில் 'பிரசென்டர் வியூ' போட்டால் மாணவர்களுக்கு ஸ்லைடு மட்டும் தெரியும். உங்கள் குறிப்பும் அடுத்த ஸ்லைடும் லேப்டாப்பில் இருக்கும். டிவியின் ஓரங்களில் எழுத்து வெட்டுப்பட்டால் டிவியின் படஅளவு மெனுவில் 'ஃபிட் டு ஸ்க்ரீன்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' போடுங்கள். கோளாறு லேப்டாப்பில் இல்லை. லேப்டாப்பை மூடினால் இணைப்பு அறுந்துவிடும். மூடியே வைக்க வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடும்போது 'டு நத்திங்' என்று அமைக்கலாம். ஆனால் அப்போது குறிப்பைப் பார்க்க முடியாது. வகுப்பு நாளன்று பையில் 5 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: மேக்புக்கில் மிராகாஸ்ட் எங்கே இருக்கிறது? (யாழ்ப்பாணம் வாசகர்)

இல்லை. ஆப்பிள் அதைத் தரவில்லை. டிவியில் ஆப்பிளின் சொந்த முறையான ஏர்பிளே இருந்தால் மேக்கின் கன்ட்ரோல் சென்டரில் 'ஸ்க்ரீன் மிரரிங்' மூலம் இணைக்கலாம். சாம்சங், எல்ஜி, சோனியின் புதிய மாடல்கள் பலவற்றில் அது உண்டு. ஏர்பிளே இல்லாத கூகுள் டிவி என்றால் மேலே சொன்ன குரோம் வழி மேக்கிலும் வேலை செய்யும்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறோம். பட்டியலில் பக்கத்து வீட்டு டிவியும் வருகிறது. தவறி அழுத்தினால்? (சென்னை வாசகர்)

அவர்கள் டிவியில் அனுமதி கேட்கும்; அவர்கள் 'அலோ' கொடுத்தால் உங்கள் திரை அவர்கள் கூடத்தில் தெரியும். பெரும்பாலான வீடுகளில் டிவியின் பெயர் வெறும் மாடல் எண்ணாக இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். உங்கள் டிவியின் செட்டிங்ஸில் 'டிவைஸ் நேம்' என்பதை மாற்றி உங்களுக்குப் புரிகிற ஒரு பெயர் வையுங்கள். கதவிலக்கம் வேண்டாம், அதை எல்லோரும் பார்ப்பார்கள். உங்கள் டிவிக்குள் மற்றவர் நுழையாமலிருக்க, அனுமதி கேட்பதை ஆனிலேயே வையுங்கள். பின் எண் கேட்கும் வசதி இருந்தால் அதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.