இல்லறத்தில் இருந்துகொண்டு ஸ்ரீவித்யா உபாசனை செய்யலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளைகள். பல ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைதோறும் லலிதா சகஸ்ரநாமம் பாராயணம் செய்கிறேன். லலிதாம்பிகையை மந்திரத்தாலும் ஸ்ரீசக்கரம் என்னும் யந்திரத்தாலும் வழிபடும் ஸ்ரீவித்யா உபாசனையை முறைப்படி மேற்கொள்ள வேண்டும் என்ற ஆசை அண்மைக் காலமாக வலுத்து வருகிறது. ஆனால் தந்திரம் என்றாலே என் மாமியார் அஞ்சுகிறார். அதெல்லாம் மாந்திரீகம், பிள்ளை குட்டி இருக்கும் வீட்டுக்கு ஆகாது என்கிறார். இதற்கிடையில் ஒருவர் இணையவழியில் மூன்றே நாளில் பஞ்சதசி என்னும் பதினைந்தெழுத்து மந்திரத்துக்குத் தீட்சை தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கிறார். என்னைப் போன்றவர்கள் இதை அன்றாட சாதனையாகக் கொள்ள முடியுமா? ஒரு நாள் தவறினால் தெய்வக் குற்றம் ஆகிவிடுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மாமியாரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். வசியம், தம்பனம் (செயலிழக்கச் செய்தல்), மாரணம் (கொல்லுதல்) உள்ளிட்ட ஆறு கர்மங்களைத் தந்திர நூல்கள் பேசுகின்றன. அவற்றின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்திக் காசு பார்த்தவர்களுக்கும் எக்காலத்திலும் குறைவில்லை. மது, மாமிசம் முதலியவற்றைக் கொண்டு வழிபடும் வாமாசாரமும் இந்த மரபின் ஒரு கிளைதான். ஆனால் அவர் கும்பிடும் சிவன் கோயிலில் நடப்பது என்ன என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அபிஷேகத்தைத் தொடங்குமுன் அர்ச்சகர் தம் உடலிலுள்ள ஐம்பூதங்களையும் பாவனையால் ஒடுக்கித் தூய்மை செய்கிறார், விரல்களிலும் அங்கங்களிலும் மந்திரங்களைப் பதிக்கிறார், முத்திரை காட்டுகிறார். இவையனைத்தும் ஆகமம் விதித்தவை. சைவ ஆகமங்கள் 28-உம் தந்திர மரபைச் சேர்ந்தவை. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளும் தந்திரம் என்றே பெயர் பெற்றிருக்கின்றன. ஆகவே உங்கள் வீட்டார் தந்திரத்தின் நிழலில்தான் தலைமுறை தலைமுறையாகச் சாமி கும்பிட்டு வந்திருக்கிறார்கள்.

இல்லறம் இதற்குத் தடையா என்றால், தடையில்லை என்பதற்குக் காவிரிக் கரையே சாட்சி. லலிதா சகஸ்ரநாமத்துக்குச் சௌபாக்கிய பாஸ்கரம் என்னும் பேருரை வகுத்த பாஸ்கரராயர், 18ஆம் நூற்றாண்டில் சோழநாட்டில் மனைவியோடு இல்லறம் நடத்தியவர். திருவாரூர்க் கமலாம்பாள்மீது ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் (சுற்றுகளையும்) கீர்த்தனைகளாகப் பாடிய முத்துஸ்வாமி தீட்சிதரும் குடும்பஸ்தரே. பெண்களுக்கு இந்த மரபில் தீட்சை பெறும் உரிமை உண்டு. தீட்சை அளிக்கும் குருமார்களாகவும் பெண்கள் இருந்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் நான் அழுத்திப் பேச விரும்புவது வேறொன்று. புதிதாக ஒன்றைத் தேடிப் போவதற்கு முன்னால், கையிலிருக்கும் பாராயணப் புத்தகத்தின் முதல் பக்கத்தை நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள்? பெரும்பாலோர் அதை அவசரமாகப் புரட்டிவிட்டு முதல் நாமாவுக்குத் தாவுகிறார்கள். உபாசனையின் அமைப்பு முழுவதும் சிறிய அளவில் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. வசினி முதலிய வாக்தேவதைகளை ரிஷிகளாகச் சொல்லித் தலையைத் தொடுகிறோம். அனுஷ்டுப் என்னும் சந்தஸை (யாப்பை) சொல்லி வாயைத் தொடுகிறோம். லலிதா பரமேஸ்வரியைத் தேவதையாகச் சொல்லி நெஞ்சைத் தொடுகிறோம். விரல்களில் மந்திரத்தைப் பதிக்கும் கரநியாசத்தில் சுட்டுவிரலால் கட்டைவிரலை அடியிலிருந்து நுனிவரை தடவி, பிறகு கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவி, இறுதியில் உள்ளங்கைகளையும் புறங்கைகளையும் சேர்க்கிறோம். சற்று முன்வரை பாத்திரம் கழுவிய, அலுவலகக் கோப்பைப் புரட்டிய அதே கை, இனி வழிபாட்டுக்குரிய கை என்று உடம்புக்கே உணர்த்துவதற்காக ஏற்பட்ட செயல் இது. நிதானமாகச் செய்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் மனம் அடங்குகிற அளவை, ஓட்டமாக ஓதி முடிக்கும் ஆயிரம் நாமாக்களில் பார்க்க முடியாது.

அடுத்து வருவது தியான சுலோகம். சிந்தூரச் சிவப்பு மேனி, மூன்று கண்கள், பிறை சூடிய மாணிக்க முடி, புன்முறுவல், ஒரு கையில் ரத்தினக் கிண்ணம், மற்றொரு கையில் செங்குவளை என்று அது அம்பிகையைக் கட்டுகிறது. ஒவ்வொரு சொல்லும் காட்சியாக உள்ளே எழும்வரை அடுத்த சொல்லுக்குப் போகாதீர்கள். அதன்பின் லம், ஹம், யம், ரம், வம் என்னும் பீஜங்களோடு (விதை எழுத்துகளோடு) மனத்துக்குள்ளேயே செய்யும் மானஸ பூஜை: நிலத்தின் தன்மையைச் சந்தனமாகவும், ஆகாயத்தை மலராகவும், காற்றைத் தூபமாகவும், நெருப்பைத் தீபமாகவும், நீரின் அமுதத் தன்மையை நைவேத்தியமாகவும் அர்ப்பணிக்கிறோம். உங்கள் உடல் எவற்றால் ஆனதோ அவற்றையே எடுத்துப் படைப்பதால், இதற்குத் தட்டும் வேண்டாம், பூவும் வேண்டாம். ஓடும் ரயிலில் அமர்ந்தும் செய்யலாம். ஸ்ரீசக்கரத்தின் முப்பரிமாண வடிவமான மேருவை வாங்கி வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், இப்போதைக்கு வேண்டாம். நித்திய பூஜை செய்ய முடியாத வீட்டில் மேரு அலங்காரப் பொருளாகி, பிறகு அச்சத்துக்குரிய பொருளாகிவிடுகிறது.

அன்றாட சாதனை என்றதும் பலர் சௌந்தர்ய லஹரியின் 27ஆம் சுலோகத்தை எடுத்துக்காட்டுவார்கள். பேசுவதெல்லாம் ஜபமாக, கைத்தொழில் எல்லாம் முத்திரையாக, நடப்பது பிரதட்சிணமாக, உண்பது ஆகுதியாக, படுப்பது நமஸ்காரமாக ஆகட்டும் என்று வேண்டும் அருமையான சுலோகம் அது. ஆனால் வேலை செய்வதே பூஜை, தனியாக எதற்கு உட்கார வேண்டும் என்று சோம்பலுக்குச் சாக்காக அதைப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். நாள்தோறும் குறித்த நேரத்தில் உட்கார்ந்து பழகியவருக்கே அந்தப் பாவனை நாளின் மற்ற பொழுதிலும் கசியத் தொடங்கும். இதற்கு மரபு தரும் எளிய பாலம் அஜபா. மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சை 21,600 என்று கணக்கிட்டு, முதுகெலும்பின் அடியிலுள்ள மூலாதாரத்தில் கணபதிக்கு 600, பிரம்மா, விஷ்ணு, ருத்திரர் மூவருக்கும் தலைக்கு 6,000, எஞ்சிய மூவாயிரத்தை ஜீவாத்மா, பரமாத்மா, குரு ஆகியோருக்கு ஆளுக்கு 1,000 என்று விடியற்காலையிலேயே அர்ப்பணித்துவிடுவது அது. எழுந்ததும் படுக்கையிலேயே அந்தச் சங்கல்பத்தைச் செய்துவிட்டால், மூச்சு ஜபமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைவு அலுவலகத்தில் வாக்குவாதம் முற்றும் நேரத்திலும் உதவிக்கு வரும்.

தீட்சையைப் பொறுத்தவரை, மூன்று நாள் பஞ்சதசியை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெரும்பாலான பரம்பரைகளில் முதலில் மகாகணபதி மந்திரம், அடுத்து அம்பிகையின் சிறுமி வடிவான பாலாவின் மந்திரம், சீடரின் பழக்கத்தையும் பக்குவத்தையும் பார்த்தபின் பஞ்சதசி என்று படிப்படியாகவே தருவார்கள். இணையவழி என்பதற்காக நான் தயங்கவில்லை. அடுத்த ஆண்டு உங்களுக்குச் சந்தேகம் வந்தால் பதில் சொல்ல அவர் இருப்பாரா, தம் குரு யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்வாரா என்பவையே கேட்க வேண்டியவை. தீட்சை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் சாபம், தோஷம் என்று பேசுகிறவராக இருந்தால் அத்தோடு தொடர்பை விட்டுவிடுங்கள். சகஸ்ரநாமத்துக்குத் தீட்சை வேண்டும் என்று சில பெரியவர்கள் வலியுறுத்துவதுண்டு. பக்தியோடு ஓதுவதற்குத் தடையில்லை என்பதே பரவலான வழக்கம். பஞ்சதசி போன்ற மூல மந்திரத்தை மட்டும் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாள் தவறினால் தெய்வக் குற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று விழித்திருந்த தாயை அம்பிகை தண்டிப்பாள் என்று நம்புவது அவளைத் தாயென்று அழைப்பதற்கே பொருந்தாது. தவறிய மறுநாள் மன்னிப்பு வேண்டிக்கொண்டு வழக்கம்போல் தொடருங்கள். மாதவிலக்கு நாட்களில் மானஸ ஜபம் செய்யலாமா என்பதில் பரம்பரைக்குப் பரம்பரை வழக்கம் வேறுபடுவதால், தீட்சை பெறும்போது குருவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஓராண்டுக்கு வெள்ளிக்கிழமைப் பாராயணத்தோடு, மற்ற நாட்களில் நியாசம், தியானம், மானஸ பூஜை ஆகிய மூன்றை மட்டும் காலையில் கால் மணி நேரம் செய்து வாருங்கள்; அந்த ஓராண்டு தாண்டியும் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது குருவைத் தேடலாம். மாமியாருக்கும் உங்கள் வழிபாட்டில் மறைவானது ஏதுமில்லை என்பதைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ள அந்த ஓராண்டு போதும்.