தொப்பைக்குச் சோறு மட்டும்தான் காரணமா? மனநல மருத்துவர் பதில்கள்

டயட் சார்ட் கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், அது டயட்டீஷியன் வேலை. மனசு சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி ஒரு வருடத்தில் எட்டு கிலோ ஏறிவிட்டது. மனைவியின் சமையல்தான் காரணம் என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். உண்மையா? (வாசகர், தென்காசி)

பாவம், அவர் மேல் ஏன் பழி? கல்யாணத்துக்குப் பிறகு ஆண்களுக்கு எடை கூடுவது பல நாட்டு ஆய்வுகளில் பதிவான விஷயம். அங்கெல்லாம் தென்காசிச் சமையல் கிடையாது. மறுவீடு, விருந்து என்று சொந்தக்காரர்கள் இலை போடுவதும், "மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி" என்றால் மறுக்க முடியாததும் முதல் சில மாதக் கதை. அதற்குப் பிறகும் ஏறுகிறது என்றால் நீங்கள் எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் போயிருக்கும், சாயங்கால ஷட்டில் போயிருக்கும். கடையில் டீயும் பஜ்ஜியும் முடித்துவிட்டு, மனைவி காத்திருப்பாரே என்று வீட்டில் மறுபடி உட்காரும் பழக்கம் வந்திருக்கும். கிரிக்கெட்டை மறுபடி தொடங்குங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ராத்திரி பதினொன்றரைக்கு கிளையன்ட் கால் முடிந்ததும் பிரியாணி ஆர்டர் போட்டுவிடுகிறேன். எட்டு மணிக்கே சாப்பிட்டிருப்பேன், பசியும் இருக்காது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? (வாசகர், சென்னை)

அதெல்லாம் நிறையவே இருக்கிறது. பகல் முழுக்க அதைத்தான் செலவழிக்கிறீர்கள். மேனேஜர் என்ன சொன்னாலும் "ஷ்யூர்", கிளையன்ட் கத்தினால் "நோட்டட்". அன்றைக்கு உங்களை யாரும் எதுவும் கேட்காத முதல் அரைமணி நேரம் பதினொன்றரைக்குத்தான் வருகிறது. அந்தப் பிரியாணி வயிற்றுக்கு அல்ல, "அப்பாடா" என்று உட்காருவதற்கு.

என்னிடம் வரும் ஆண்கள் "டயர்டா இருக்கு" என்பது வரைக்கும் சொல்வார்கள். "வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்பதை மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லாத பயத்துக்குச் சாப்பாடு சுலபமான மருந்து. உடம்பும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். மன அழுத்தம் நீண்டுகொண்டே போனால் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர வழிசெய்யும்.

எட்டு மணிச் சாப்பாட்டை லேப்டாப் முன்னால்தான் சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை முதலில் மாற்றுங்கள். கால் முடிந்ததும் ஆப்பைத் திறக்காமல் பத்து நிமிடம் மொட்டைமாடிக்குப் போய்விட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் சாப்பிடுங்கள், தப்பில்லை. வாரத்தில் ஐந்து நாள் இரண்டு நாளாகக் குறைந்தாலே பெரிய விஷயம். இன்னொன்று, ஆப்பில் சேமித்து வைத்திருக்கும் கார்டை நீக்கிவிடுங்கள். பதினாறு எண்ணையும் தட்டி, ஓடிபி வருவதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

வாரம் ஒரு நாள், நண்பர்களோடு பீர் மட்டும்தான். அதுகூடவா எடை போடும்? (வாசகர், கோவை)

650 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 250 முதல் 300 கலோரி. உடம்பு ஆல்கஹாலை முதலில் எரிக்கும், கொழுப்பு காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம் சிக்கன் 65, மிக்சர், கிளம்பும்போது ஆளுக்கு நாலு பரோட்டா. வேண்டாம் என்றால் "என்னடா, பொண்டாட்டிக்குப் பயமா?" என்பார்கள். "வண்டி ஓட்டணும்" என்று சொல்லிவிடுங்கள். உண்மையும் அதுதானே.

தொழில் நொடித்த பிறகு என் கணவர் யாரோடும் பேசுவதில்லை. எல்லோரும் தூங்கியதும் சாப்பிடுகிறார். பீரோவுக்குப் பின்னால் பிஸ்கட் கவர்கள் கிடக்கின்றன. கேட்டால் எரிந்து விழுகிறார். எடை மிகவும் கூடிவிட்டது. (பெயர் வேண்டாம், திருப்பூர்)

அந்தக் கவர்களை அவர் முன்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள் அம்மா. ஒளித்து வைக்கிறார் என்றால் ஏற்கெனவே கூசிப்போயிருக்கிறார். ஆண்களுக்கு மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வராது. எரிச்சலாக, குடியாக, சாப்பாடாக வரும். விசேஷ வீட்டில் "இப்ப என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்பார்களே என்று வெளியே போவதையே நிறுத்திவிடுவார்கள். நடமாட்டம் குறையும், தூக்கம் கெடும், எடை ஏறும், ஏறிய உடம்போடு வெளியே போக இன்னும் கூசும்.

நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும்வரை, தனியாகச் சாப்பிடுவது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதை நோயாகவே பார்க்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-ல் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தரும்.

எடை பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். "கொஞ்ச நாளா நீங்க சரியாவே தூங்கறதில்ல, டாக்டரப் பார்த்துட்டு வரலாம்" என்று தொடங்குங்கள். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போவதை எந்த ஆணும் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. மாத்திரை எழுதினால், எடை கூடும் பிரச்சினை இருப்பதைச் சொல்லுங்கள். சில மாத்திரைகள் பசியைக் கூட்டும், மாற்று உண்டு. நேரில் வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், நீங்களே முதலில் பேசலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மறுநாள் வரை தள்ளிப்போடாதீர்கள்.

சிகரெட்டை விட்டதும் ஐந்து கிலோ ஏறிவிட்டது. மறுபடி ஆரம்பித்தால் இறங்குமா? (வாசகர், திருச்சி)

வேண்டவே வேண்டாம். விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுவது வழக்கம்தான். டீக்கடைக்குப் போங்கள், சிகரெட் இருந்த கைக்கு வடையைக் கொடுக்காதீர்கள்.

"தொப்பை வந்தா வசதி வந்தாச்சுன்னு அர்த்தம்" என்கிறார் அம்மா. எவ்வளவு வரை பரவாயில்லை? (வாசகர், தஞ்சாவூர்)

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடைக்காரர்கள். அத்தனை பேருக்கும் வசதி வந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டேப்பைத் தொப்புளை ஒட்டி வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து பாருங்கள். பேன்ட் சைஸை மட்டும் நம்பாதீர்கள். தொப்பை வந்ததும் பேன்ட் அதற்குக் கீழே இறங்கிவிடும், சைஸ் அதே 34-தான்.