கதண்டு கொட்டினால்: கேள்விகளும் பதில்களும்

(தஞ்சை பக்கம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கதண்டு என்கிற பெரிய விஷக் குளவி பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.)

அக்கா, தோப்பில் தென்னை மட்டைக்கு அடியில் பானை மாதிரி ஒரு கூடு தொங்குகிறது. கதண்டா, சாதாரணக் குளவியா?

சுற்றிலும் காகிதம் போல மூடி, போய்வர ஒரே வாசல் இருந்தால் அநேகமாகக் கதண்டுதான். உடல் கருப்பாக, வயிற்றின் முன்பாதியில் பட்டையாக மஞ்சள் இருக்கும். சின்னக் குளவி கட்டும் கூட்டில் அறைகள் திறந்தே தெரியும். எதுவானாலும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டாம்.

கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவலாமா?

வேண்டாம், தோல் வெந்துபோகும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். தேனீ மாதிரி கதண்டு கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, அதனால் ஒன்றே பல தடவை கொட்டும்.

நேற்று அப்பாவை இருபது இடத்துக்கு மேல் கொட்டிவிட்டது. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலி குறைந்துவிட்டது, ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. பயப்படணுமா?

தம்பி, இதைப் படித்ததும் கிளம்புங்கள், டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு. நிறைய இடத்தில் கொட்டினால் விஷம் தசையையும் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும், அந்தக் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கும், சிறுநீர் கறுப்பது அதனால்தான். நேரத்துக்குப் போனால் பெரும்பாலும் சிறுநீரகம் மீண்டுவிடும். கதண்டு விஷத்துக்குப் பாம்புக்கடிக்கு உள்ளதுபோல முறிமருந்து கிடையாது, சலைன் ஏற்றிச் சிறுநீர் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம். முதல் நாள் எழுந்து நடக்கிறவர் இரண்டு மூன்று நாள் கழித்து மோசமாகலாம், அதனால்தான் நிறைய இடத்தில் கொட்டு வாங்கியவரை உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று நான் சண்டை போட்டாவது சொல்வேன். வலிக்காக ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையும் வாங்கிக் கொடுக்காதீர்கள், அதுவும் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும்.

ஒரே ஒரு கொட்டுக்கும் ஆள் செத்துப்போவார்களாமே?

ஒவ்வாமை உள்ளவருக்கு நடக்கும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, தலைசுற்றல், பெரும்பாலும் அரை மணிக்குள் வந்துவிடும். வந்தால் 108. அதற்குத் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும், அலர்ஜிக்குப் போடும் அவில் மட்டும் போதாது.

கூட்டம் துரத்தினால் குளத்தில் குதிக்கலாமா?

தலையை வெளியே எடுக்கும்வரை அங்கேயே சுற்றும், நீச்சல் தெரியாதவர் முழுகியும் போவார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஓடுங்கள், வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ நுழைந்து கதவைச் சாத்துங்கள். கையை வீசி அடிக்காதீர்கள், நசுங்கிய கதண்டின் வாசனைக்கே மற்றவையும் சேர்ந்து வரும்.

இரவில் நாங்களே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாமா?

கூடாது. தீ தோப்பில் பரவும், ஏணியில் நிற்பவருக்கு ஓட வழியும் இருக்காது. 101 அல்லது 112க்குப் போன் செய்து தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அந்த மரத்துப் பக்கம் தேங்காய் பறிக்கவோ மட்டை பொறுக்கவோ யாரையும் விடாதீர்கள், நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களிடமும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.