பிராம்ப்ட் வந்த பிறகு: இன்டர்பிரெட்டர் கட்டுவோர் கேள்விகள்

ஒரு வரியை வாங்கு, புரிந்துகொள், செய், விடையைக் காட்டு, மறுபடி கேள். ரெப்பிள் என்று நாம் சொல்லும் சுற்று இவ்வளவுதான். கட்டளைக்குக் காத்திருக்கும்போது திரையில் வரும் குறிதான் பிராம்ப்ட், வரியைப் படித்து அப்போதே ஓட்டும் நிரல்தான் இன்டர்பிரெட்டர். லிஸ்ப் மொழிக்காரர்கள் 1960களிலேயே இப்படிக் கணினியோடு வரிக்கு வரி பேசினார்கள். இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாம் நம் குமரி மாவட்டத்திலிருந்தே வந்தவை. மாணவர்களோடு கடை வைத்திருப்பவர்களும் எழுதியதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

மார்த்தாண்டம், இறுதியாண்டு மாணவி: சார், ரஸ்ட் மொழியில் ஒரு சின்ன கால்குலேட்டர் எழுதுகிறேன். ஏதாவது தட்டி என்டர் அடித்த பிறகுதான் பிராம்ப்ட் தெரிகிறது. முதல் கட்டளை சரியாக ஓடுகிறது, இரண்டாவதிலிருந்து எல்லாமே "தெரியாத கட்டளை". கன்ட்ரோல்-டி அடித்தால் பிராம்ப்ட் நிற்காமல் கொட்டுகிறது. மூன்றும் ஒரே தப்பா?

மூன்றும் தனித்தனித் தப்பு. ஆனால் ரஸ்ட்டில் ரெப்பிள் எழுதும் பலரும் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சந்திக்கிறார்கள்.

பிராம்ப்ட்டின் முடிவில் புதுவரிக் குறி இல்லை. அந்தக் குறி வரும்வரை ரஸ்ட் எழுத்துகளைப் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் பிடித்து வைத்திருக்கும். பிராம்ப்ட்டை அச்சிட்ட உடனே ஃப்ளஷ் செய்யுங்கள் (பஃபரில் இருப்பதை வெளியே தள்ளுங்கள்), தெரிந்துவிடும்.

அடுத்தது, ரஸ்ட்டில் வரியை வாங்கும் ரீட்லைன், நாம் கொடுக்கும் சரத்தை (எழுத்துத் தொடரை) அழித்துவிட்டு எழுதுவதில்லை, பின்னால் ஒட்டுகிறது. அதனால் உங்கள் இரண்டாவது கட்டளைக்கு முன்னால் முதல் கட்டளை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சுற்றின் தொடக்கத்தில் சரத்தைக் காலி செய்யுங்கள். காலி வரியில் கன்ட்ரோல்-டி அடித்தால் உள்ளீடு முடிந்தது என்று பொருள். அப்போது ரீட்லைன் பிழை எதுவும் தராது, பூஜ்ஜியம் பைட் படித்தேன் என்று மட்டும் சொல்லும். பூஜ்ஜியம் வந்தால் சுற்றை விட்டு வெளியே வாருங்கள். கன்ட்ரோல்-சி வேறு விஷயம். ஓடுகிற கணக்கை நிறுத்தி மறுபடி பிராம்ப்ட்டுக்கு வருவதற்கு அது. அதில் நிரலே மூடிக்கொள்ளக் கூடாது.

கொல்லங்கோடு, பாலிடெக்னிக் மாணவர்: பைத்தானில் ஈவால் போட்டால் ஒரே வரியில் முடிகிறதே, வரியைப் பிரித்துப் பொருள் காணும் பார்ஸரை எதற்கு எழுத வேண்டும்?

நீங்கள் கேட்டது கணக்கு. ஈவால் வரியைப் பைத்தானாகவே ஓட்டுகிறது, அதனால் அது கொடுப்பது மொத்தப் பைத்தான். அந்தப் பிராம்ப்ட்டில் உட்காருகிறவர் கூட்டலும் போடலாம், உங்கள் கோப்புகளை அழிக்கவும் செய்யலாம். உள்ளமைந்த பெயர்களை நீக்கிவிட்டு ஓட்டுவதும் காப்பாற்றாது, சுற்றி வர வழிகள் உண்டு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடைப்புக்குறி எல்லாவற்றுக்கும் நூறு வரிக்குள் பார்ஸர் எழுதிவிடலாம். எழுதியதும் 10 - 4 - 3 போட்டுப் பாருங்கள். 3 வர வேண்டும். 9 வந்தால் வலப்பக்கத்திலிருந்து சேர்த்துவிட்டீர்கள்.

குலசேகரம், ரப்பர் பால் வாங்கும் கடைக்காரர்: தம்பி, மகன் பைத்தானில் ஒரு கணக்கு எழுதித் தந்தான். "பால் 42 35" என்று அடித்தால் 42 கிலோ பால், 35 சதவீதம் டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பர்). சும்மா என்டர் தட்டினால் முந்தின ஆளின் கணக்கே இரண்டாம் தடவை ஏறிவிடுகிறது. மழையில் கரண்ட் போனால் காலையிலிருந்து அடித்தது எல்லாம் போச்சு. பையன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். யாரிடம் காட்ட?

அண்ணாச்சி, இதை அப்படியே மகனுக்கு அனுப்புங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.

பைத்தானோடு வரும் சிஎம்டி என்ற தொகுப்பை அவர் பயன்படுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். காலி வரி வந்தால் கடைசிக் கட்டளையைத் திரும்பச் செய்வது அதன் இயல்பு. பைத்தானின் டீபக்கர் (பிழை தேடும் கருவி) இந்தத் தொகுப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே நிரலை வரிவரியாக நகர்த்த என்டரை மட்டும் தட்டிக்கொண்டே போகலாம், அது வசதி. பணம் எழுதும் இடத்தில் அது ஆபத்து. எம்ப்டிலைன் என்ற செயல்பாட்டை ஒன்றும் செய்யாததாக மாற்றி எழுதினால் போதும், இரண்டே வரி.

கரண்ட் விஷயம்தான் முக்கியம். தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற மாவட்டம் நம்முடையது, இதைத் தள்ளிப்போட முடியாது. ஒவ்வொரு கட்டளை வரியையும் சரிபார்த்த உடனே ஒரு கோப்பின் கடைசியில் சேர்த்து, எஃப்சிங்க் கொடுத்து வட்டில் உட்கார வைத்த பிறகே விடையைத் திரையில் காட்ட வேண்டும். அப்போது திரையில் பார்த்தது எதுவும் தொலையாது. மறுபடி திறக்கும்போது அந்தக் கோப்பை முதலிலிருந்து வரிவரியாக ஓட்டினால் கணக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. 42 கிலோவில் 35 சதவீதம் என்றால் 14.7 கிலோ உலர் ரப்பர். கிலோ 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2646 ரூபாய். கோப்பில் "பால் 42 35" என்று மட்டும் இருந்தால், நாளைக்கு விலை மாறியதும் இன்றைய கணக்கும் சேர்ந்து மாறிவிடும். அதனால் அன்றைய விலையையும் சேர்த்து "பால் 42 35 180" என்றே எழுத வேண்டும். இன்னொன்று, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கடைசி வரி "பால் 42 35 18" என்று பாதியில் நிற்கலாம். ஓட்டினால் கிலோ 18 ரூபாய் ஆகிவிடும்! புதுவரிக் குறி இல்லாத கடைசி வரியை ஓட்டாமல், "இது பாதியில் நிற்கிறது" என்று உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். தப்பாக அடித்ததைத் திருத்தவும் பழைய வரியை அழிக்க வேண்டாம். பேரேட்டில் எழுதுவது போல "ரத்து" என்று புது வரி போடுவதுதான் சரி.

அப்புறம், பைசா. பைத்தானில் 2.5ஐ ரவுண்ட் செய்தால் 2 வரும், 3.5க்கு 4 வரும். இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாய்வது அதன் விதி. கடையில் இது சண்டையில் முடியும். டெசிமல் தொகுப்பை எடுத்து, எண்ணை அடித்த எழுத்து வடிவிலேயே அதற்குக் கொடுத்து, பாதியை மேலே ஏற்றும் முறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

குளச்சல், கல்லூரி மாணவர்: மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய கட்டளை வராமல் ^[[ஏ என்று வருகிறது.

லினக்ஸில் பைத்தான் என்றால் ரீட்லைன் தொகுப்பை இம்போர்ட் செய்தாலே போதும், வரலாறும் திருத்தமும் தானாக வந்துவிடும். சி மொழி என்றால் குனு ரீட்லைன் ஜிபிஎல் உரிமத்தில் (அதைச் சேர்த்து வெளியிடும் நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்வது) இருப்பதை நினைவில் வையுங்கள். அது ஒத்துவராவிட்டால் பிஎஸ்டி உரிமத்தில் உள்ள லைன்நாய்ஸ் சிறியது, நல்லது. ரஸ்ட்டுக்கு ரஸ்ட்டிலைன்.

நாகர்கோவில், மென்பொருள் பணியாளர்: வரி இன்னும் முடியவில்லை, அடுத்த வரிக்குக் காத்திரு என்பதை இன்டர்பிரெட்டர் எப்படித் தெரிந்துகொள்கிறது?

ரெப்பிளில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடையைக் கணக்கிடும் பகுதியை எல்லோரும் கவனமாக எழுதுகிறார்கள். வரியை வாங்கும் பகுதியை அவசரமாக எழுதுகிறார்கள், பயனர் தினமும் தொட்டு உணர்வதோ அதைத்தான்.

திறந்த அடைப்புக்குறியையும் மூடியதையும் எண்ணிப் பார்ப்பது எளிய வழி. நான் முதலில் எழுதியது அப்படித்தான். மேற்கோளுக்குள் யாரோ ஒரு தொடக்க அடைப்புக்குறியை எழுத, என் நிரல் அது மூடும் என்று காத்துக்கொண்டே இருந்தது. எதை அடித்தாலும் தொடர்ச்சிக் குறியே வந்தது. வெளியே வரத் தெரியாமல் அவர் டெர்மினலையே மூடினார். எண்ணுவதானால் எழுத்துகளை எண்ணாமல் டோக்கன்களை (மேற்கோள் முழுவதையும் ஒன்றாகக் கொள்ளும் துண்டுகளை) எண்ணுங்கள்.

அதைவிடச் சிறந்த வழி பார்ஸரையே கேட்பது. அது "சரி", "தப்பு" என்று இரண்டு பதில் மட்டும் சொல்லக் கூடாது, "இன்னும் வேண்டும்" என்று மூன்றாவது ஒன்றும் சொல்ல வேண்டும். பைத்தானின் கோட்ஆப் தொகுப்பு இப்படித்தான் செய்கிறது: முழுமையானால் ஓட்டக்கூடிய நிரல், தப்பானால் பிழை, குறைவானால் "ஒன்றுமில்லை" என்று பொருள்படும் நன் (None) மதிப்பு. லுவா வேறு தந்திரம் செய்கிறது. பிழைச் செய்தியின் முடிவில் "உள்ளீடு தீர்ந்துவிட்டது" என்ற குறி இருந்தால், தப்பு பயனருடையது இல்லை, வரிதான் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறது.

எந்த வழியானாலும் கன்ட்ரோல்-சி அடித்தால் பாதி வரிகளை எறிந்துவிட்டு முதல் பிராம்ப்ட்டுக்குத் திரும்பட்டும்.

தக்கலை, பள்ளிக் கணினி ஆசிரியை: என் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் இன்டர்பிரெட்டர் எழுதினேன். "வடசேரி" என்று மாறி வைத்தால் "வடச" வரைக்கும் எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. பைத்தானுக்குத் தமிழ் தெரியாதா?

தெரியும் டீச்சர். பைத்தான் 3 தன் மாறிகளுக்கே தமிழ்ப் பெயரை ஏற்கும். உங்கள் நிரல் ஒவ்வொரு குறியையும் ஈஸ்ஆல்ஃபா (எழுத்தா?) என்று கேட்கிறது. யூனிகோடில் "சே" என்பது ச, அதன்பின் ஏகாரக் குறி என்று இரண்டு. ச எழுத்து வகை, ஏகாரக் குறி சேர்ப்புக் குறி வகை. எழுத்தா என்று கேட்டால் அது "இல்லை" என்கிறது, அங்கே பெயர் முறிகிறது. புள்ளிக்கும் அதே கதி. ரெகெக்ஸின் (எழுத்து வடிவங்களைத் தேடும் முறையின்) சொல்-எழுத்து வகையும் பைத்தானில் இதே இடத்தில் வழுக்கும். யூனிகோட் வகை எல் (எழுத்து) அல்லது எம் (சேர்ப்புக் குறி) என்று தொடங்கினால் ஏற்றுக்கொள் என்று மாற்றுங்கள். அல்லது இதுவரை சேர்த்த பெயரை ஈஸ்ஐடென்டிஃபையர் (பெயராகுமா?) என்று கேளுங்கள்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாது. "கோ" என்பதில் ஓகாரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் வரலாம். திரையில் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். ஒரு பிள்ளை வைத்த மாறியை இன்னொரு பிள்ளை அழைத்தால் "தெரியாத பெயர்" என்று வரும். வரி உள்ளே வந்த உடனே என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள்.

அட்டவணையில் பத்திகள் கோணலாக வந்தால் அதற்கும் காரணம் இதுவே. "நாகர்கோவில்" நம் கணக்கில் 6 எழுத்து, பைத்தானின் நீளக் கணக்கில் 11, யுடிஎஃப்-8ல் 33 பைட். டெர்மினல்களும் தமிழை ஒரே அகலத்தில் வரைவதில்லை. நான் தமிழ்ப் பத்தியைக் கடைசியில் வைத்துவிடுவேன். எண்கள் முன்னால் நேராக நிற்கும்.

பிள்ளைகளுக்கு ஒன்று காட்டுங்கள்: இன்ட் என்ற செயல்பாட்டுக்கு ௧௨ கொடுத்தால் 12 என்றே புரிந்துகொள்ளும். பத்தைக் குறிக்கும் ௰ கொடுத்தால் பிழை வரும், அது இடமதிப்பு இலக்கம் இல்லை. வகுப்பில் அரை மணி நேரம் பேசலாம்.

தோவாளை, பூ வியாபாரியின் மகள்: அப்பாவுக்காகக் கணக்கு எழுதுகிறேன் அண்ணா. "விற்றேன் பிச்சி 3" என்றால் அவருக்கு வரவில்லை. "பிச்சி 3 கிலோ விற்றேன்" என்றுதான் கை போகிறது. பார்ஸரை எப்படி மாற்றுவது?

அப்பாவை மாற்றாமல் பார்ஸரை மாற்ற நினைத்தீர்களே, அதுவே சரியான தொடக்கம். இன்னும் சொல்கிறேன், உங்களுக்குப் பார்ஸரே வேண்டாம்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. சார்ல்ஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் மொழியிலும் அப்படித்தான். முதலில் பொருள்கள், கடைசியில் செயல். அதிலிருந்து நமக்கு வேண்டியது ஓர் அகராதியும், கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் ஓர் அடுக்கும் மட்டும். வரியை இடைவெளியில் வெட்டுங்கள். ஒவ்வொரு சொல்லாக எடுங்கள். அகராதியில் இருந்தால் அதன் வேலையைச் செய்யுங்கள், எண்ணாக இருந்தால் அடுக்கின் மேல் வையுங்கள், இரண்டும் இல்லையென்றால் பிழை சொல்லுங்கள்.

அப்பாவின் வரியை ஓட்டிப் பார்ப்போம். "பிச்சி" அகராதியில் உண்டு, அதன் வேலை தன்னை அடுக்கில் வைப்பது. 3 அதன்மேல் ஏறுகிறது. "கிலோ" மேலே இருப்பதை எடுத்து ஆயிரத்தால் பெருக்கித் திரும்ப வைக்கிறது, 3000 கிராம். "விற்றேன்" இரண்டையும் எடுத்துக் கணக்கில் எழுதுகிறது. அடுக்கு காலி. நான்கு சொல்லும் அப்பா பேசுகிற வரிசையிலேயே ஓடிவிட்டன. "கூடை" என்று ஒரு சொல் வேண்டுமா? உங்கள் கூடைக்கு எத்தனை கிலோவோ அந்தப் பெருக்கலை அகராதியில் சேருங்கள். வேறு எந்த இடத்தையும் தொட வேண்டியதில்லை.

நிபந்தனை வைக்கும் நாள் வந்தால் எழில் மொழியைப் பாருங்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய அந்தத் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முதலில் வரும், "ஆனால்" அதன் பின்னால் வரும். நம் வாய்க்கு அதுதான் இயல்பு.

இரண்டு எச்சரிக்கை. தெரியாத சொல் வந்தால் புதுப் பூ என்று தானாகச் சேர்த்துக்கொள்ளாதீர்கள், ஒரு புள்ளி விட்டுப்போனால் "பிசசி" என்று தனிக் கணக்கு ஓடும். பைத்தானின் டிஃப்லிப்பில் நெருங்கிய சொல்லைத் தேடும் வசதி உண்டு, "பிச்சியா?" என்று திருப்பிக் கேளுங்கள். வேற்றுமை உருபுகளிலும் இறங்க வேண்டாம். "பிச்சியை", "பிச்சியில்" என்று பிரித்தெடுப்பது தனி வேலை, அப்பா கணக்கு எழுதும்போது உருபு போட மாட்டார்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடுக்கையும் கணக்கையும் நகல் எடுத்து வையுங்கள். வரியின் நடுவில் பிழை வந்தால் நகலுக்குத் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் நின்ற 3 அடுக்கிலேயே கிடந்து, அடுத்த வரியின் அரளியோடு சேர்ந்துகொள்ளும்.

கருங்கல், சுயமாகக் கற்பவர்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையால் அடித்துச் சோதிக்க முடியவில்லை.

கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி நிரலின் உள்ளீடாகத் திருப்பிவிடுங்கள். விடைகளை, எதிர்பார்க்கும் விடைகள் உள்ள கோப்போடு டிஃப் (வேறுபாட்டைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். உள்ளீடு டெர்மினலா என்பதை ஈஸ்ஏடிடிஒய் சொல்லும். டெர்மினல் இல்லையென்றால் பிராம்ப்ட்டை அச்சிட வேண்டாம், பிழை வந்தால் பூஜ்ஜியம் அல்லாத எக்ஸிட் கோடோடு (பிழை என்று சொல்லும் முடிவு எண்) முடியட்டும். பிராம்ப்ட்டில் மனிதர் இருக்கும்போது மட்டும் பிழைக்குப் பிறகும் சுற்று தொடர வேண்டும். எதைச் சோதிப்பது என்று தெரியாவிட்டால் தோவாளைக்காரர்களின் நிரலுக்கு நான் வைக்கப்போகும் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: முன்னால் எதுவும் இல்லாமல், தனியாக "விற்றேன்". "எதை, எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு அடுத்த பிராம்ப்ட் வர வேண்டும்.