எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியை முதலில் எந்த நாட்டுக்குக் கொண்டுபோவது? சிங்கப்பூரா, துபாயா?

வரி எவ்வளவு, கம்பெனி பதிவு எத்தனை நாளில் முடியும் என்ற இரண்டை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். யாரோ ஒரு ஆலோசகர் உங்களுக்கு ஒப்பீட்டு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் ஒருவர் கொடுத்தார். அதில் சிங்கப்பூர் முதலிடம், துபாய் இரண்டாமிடம். நாங்கள் போனது அந்த அட்டவணையிலேயே இல்லாத சவுதி அரேபியாவுக்கு.

கோயம்புத்தூரில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மளிகை, ஸ்பேர் பார்ட்ஸ், ஹார்டுவேர் மொத்த வியாபாரம், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். பெரிய ஐடி நிறுவனங்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. அதைச் சொல்லிக் கமெண்டில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது போன் எடுத்தவள் நான். அதுவரை "நோட்டுல எழுதிக்கிறோம், போதுங்க" என்று சொன்ன கடைக்காரர்களே வரிசையாகக் கூப்பிட்டார்கள். எங்கள் சாஃப்ட்வேர் அந்த மாதம் ஒன்றும் திடீரென்று நன்றாகிவிடவில்லை. சட்டம் வந்தது, வாங்கினார்கள். சின்ன வியாபாரி பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குவது பெரும்பாலும் வேறு வழியில்லாதபோதுதான். அதனால் எந்த நாட்டில் பதிவு சுலபம் என்று பார்ப்பதைவிட, எந்த நாட்டில் உங்கள் வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லை என்று பாருங்கள் என்பதுதான் என் பதில்.

சிங்கப்பூரைக் குறை சொல்லவில்லை. கம்பெனி வரி 17 சதவீதம், பதிவு சீக்கிரம் முடியும், உள்ளூரில் வசிக்கும் ஒரு இயக்குநர் இருந்தால் போதும். ஆனால் அங்கே ஆண்டு விற்பனை 10 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சவுதியில் வாட் (நம் ஜிஎஸ்டி மாதிரியான மதிப்புக் கூட்டு வரி) பதிவுக்கான வரம்பு 3,75,000 ரியால், அதாவது 1 லட்சம் அமெரிக்க டாலர். நம் வாடிக்கையாளர் மாதிரியான சின்னக் கடை சிங்கப்பூரில் சட்டத்துக்கு வெளியே இருக்கலாம். அதே கடை சவுதியில் உள்ளே வந்துவிடும். மீட்டிங்கில் இதைச் சொன்னதும் முதலாளி, "ஏம்மா, சட்டத்தை நம்பி ஒரு நாட்டுக்குப் போகலாமா? மலேசியால என்ன ஆச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2018 மே தேர்தலில் ஆட்சி மாறியது, ஜூனில் வரியைப் பூஜ்யமாக்கினார்கள், செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியே திரும்பி வந்தது. அதை நம்பி சாஃப்ட்வேர் செய்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

சவுதி போன திசை வேறு. 2018 ஜனவரியில் 5 சதவீதத்தில் வாட் வந்தது. எண்ணெய் விலை சரிந்து கொரோனாவும் வந்த 2020இல், ஜூலை 1 முதல் அதை 15 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ், அதாவது சாஃப்ட்வேரில் போட வேண்டிய பில்) விதிகள் வந்தன. 2021 டிசம்பர் 4 முதல் கையால் எழுதிய பில் செல்லாது, வேர்டில் எக்ஸெலில் அடித்த பில்லும் செல்லாது. எண்ணெயை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று முடிவெடுத்த அரசு இதைத் திரும்ப எடுக்காது என்று வாதாடினேன். முதலாளி ஒத்துக்கொண்டார். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

வேலை சுலபமாக இருக்கவில்லை. ரியாத்தில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு பார்த்தவர் மலப்புரத்துக்காரர். பில்லை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். திரையில் அரபி சரியாக இருக்கிறது. 80 மில்லிமீட்டர் தெர்மல் தாளில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் தலைகீழாகி விழுந்திருக்கிறது. அரபி எழுத்துகள் சேர்ந்து வரும்போது வடிவம் மாறும், அந்த பிரிண்டருக்கு அது தெரியாது. டெவலப்பர்கள் கோட் பேஜை (பிரிண்டர் எழுத்துகளை அடையாளம் காணும் அட்டவணை) மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் முழு பில்லையும் ஒரு படமாக்கி பிரிண்டருக்கு அனுப்பினார்கள். அடுத்தது பில்லில் அச்சிட வேண்டிய க்யூஆர் கோடு. விற்பவர் பெயர், வாட் எண், நேரம், மொத்தம், வரி என்று ஐந்து விவரங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் நீளம். ஆங்கிலப் பெயர் உள்ள கடைகளில் ஸ்கேன் ஆனது, அரபிப் பெயர் உள்ள கடைகளில் ஆகவில்லை. நீளத்தை எழுத்துக் கணக்கில் போடக் கூடாது, பைட் கணக்கில் (கம்ப்யூட்டரில் அந்த எழுத்து பிடிக்கும் இடம்) போட வேண்டும். அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். இந்த ஒரு குறிப்பை நீங்கள் எடுத்துக்கொண்டாலே சில இரவுகள் மிச்சம்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். எங்கள் துறையில் பி.காம் படித்தவர்களை இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டால் போன் எடுக்கும் வேலை. சவுதி மின் விலைப்பட்டியலில் 2023 ஜனவரியில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு பில்லிலும் முந்தைய பில்லின் ஹாஷ் (அந்த பில்லின் விவரங்களிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான குறியீடு) இருக்க வேண்டும். நடுவில் ஒன்றை அழித்தால் சங்கிலியே அறுந்துவிடும். எங்கள் சாஃப்ட்வேரில் பில்லை அழிக்க ஒரு பட்டன் இருந்தது. அதை எடுத்துவிட்டு கிரெடிட் நோட் (பழைய பில்லின் தொகையைக் குறைக்கத் தனியாகப் போடும் சீட்டு) வழியாகத்தான் திருத்த வேண்டும் என்று நான் பல மாதம் முன்பே எழுதிக் கொடுத்தேன். "கஸ்டமர் கேக்கறாங்க, அக்கா, பட்டன் இருக்கட்டும்" என்றார்கள். வரித்துறை விதியிலேயே அது வந்த பிறகு எடுத்தார்கள். வணிகவியல் படித்தவர்களுக்கு டெவலப்பருக்குச் சமமான சம்பளம் கொடுக்கும் ஒரு பில்லிங் கம்பெனியையும் நான் பார்த்ததில்லை. இதைப் படிக்கும் முதலாளிகள் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்விக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் அங்கே கம்பெனி பதிவு செய்ய வேண்டியதில்லை. நாங்கள் சவுதியின் தம்மாம் நகரில் கம்ப்யூட்டர், பிரிண்டர் விற்கும் ஒரு டீலர் வழியாகத்தான் தொடங்கினோம். லைசென்ஸ் கட்டணத்தை ராயல்டி (உரிமைத் தொகை) என்று எடுத்துக்கொண்டு 15 சதவீதத்தை வரியாகப் பிடித்துவிட்டு அனுப்புவார்கள். இந்தியா–சவுதி இரட்டை வரி ஒப்பந்தப்படி அது 10 சதவீதம்தான். அதற்கு, நீங்கள் இந்தியாவில் வரி கட்டுபவர் என்று காட்டும் வதிவிடச் சான்றிதழை நம் வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். வெள்ளி, சனி அங்கே விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு நம் ஆபீசில் ஆள் இருந்தே ஆக வேண்டும், அங்கே அப்போது எட்டு மணி, கடை திறக்கும் நேரம். இதற்கு ஆள் சம்மதிக்கவில்லை என்றால் சவுதியை விட்டுவிடுங்கள்.

துபாய்தான் வேண்டும் என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அது 9 சதவீத கம்பெனி வரி அல்ல. அமீரகத்தில் 5 கோடி திர்ஹாமும் அதற்கு மேலும் வருவாய் உள்ளவர்களுக்கு 2027 ஜனவரி 1 முதல் மின் விலைப்பட்டியல் கட்டாயம், மற்ற வியாபாரிகளுக்கு அதே ஆண்டு ஜூலை 1 முதல். அங்கீகாரம் பெற்ற சேவை நிறுவனம் வழியாகத்தான் அனுப்ப முடியும் என்பதால், அப்படி ஒருவரோடு இப்போதே பேசத் தொடங்குங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் மற்ற வியாபாரிகளுக்கு விற்கும் சின்னக் கடைகள் என்றால் ஜூலைதான் உங்கள் தேதி.