அமெரிக்கால வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கின ஷாட்கன்னை பெட்ரூம்ல எங்க வைக்கிறது?

கேள்வி கேட்டவர் டெக்சாஸ்ல இருக்காராம், பம்ப் ஷாட்கன் (முன்பிடியை இழுத்துத் தள்ளி குண்டு ஏத்தற நீளத் துப்பாக்கி) ஒண்ணு வாங்கியாச்சு, வீட்ல ஏழு வயசுப் பையன், கட்டிலுக்கு அடியில வைக்கிறதா, க்ளோசெட்லயா, கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சுடலாமான்னு கேட்டிருக்கார். நானும் ஹூஸ்டன் பக்கம்தான், வீட்ல மாஸ்பெர்க் 500னு அதே மாதிரி ஷாட்கன் ஒண்ணு இருக்கு, அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

நீங்க கேட்ட மூணு இடத்துலயும் சும்மா வைக்க வேணாம். கட்டில் பக்கத்துச் சுவத்துலயோ, இல்ல க்ளோசெட் கதவைத் திறந்ததும் கை எட்டுற உயரத்துலயோ, சுவத்தோட சேத்து போல்ட் போட்டு முடுக்கின பூட்டுக்குள்ள வைங்க. இடம் ரெண்டாம்பட்சம், பூட்டுதான் முதல்ல.

ஏன்னு கேட்டீங்கன்னா, நம்ம வீடுகள்ல கொலுவுக்கோ பர்த்டேக்கோ நாலு குடும்பம் வந்தா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பெரியவங்க கிச்சன் ஐலண்டைச் சுத்தி நின்னு பேசிட்டு இருப்பாங்க, வந்தவங்க ஜாக்கெட், ஹேண்ட்பேக் எல்லாம் மாஸ்டர் பெட்ரூம் கட்டில் மேல குவிஞ்சு கிடக்கும், பசங்க கண்ணாமூச்சி ஆட நேரா அங்கதான் ஓடுவாங்க, ஒருத்தன் கட்டிலுக்கு அடியில, ஒருத்தி தொங்குற புடவைக்குப் பின்னாடி, இன்னொருத்தன் கதவுக்குப் பின்னாடி. அதாவது நீங்க கேட்ட அதே மூணு இடம். உங்க பையனுக்கு நீங்க சொல்லி வச்சிருப்பீங்க, வந்த பசங்களுக்கு யார் சொன்னா?

சொல்லி வச்சாலும் அதை நம்ப முடியாதுங்கறது என் கருத்து. அட்லாண்டாவுல டாக்டர்கள் ஒரு ஆய்வு பண்ணாங்க, 2001ல பீடியாட்ரிக்ஸ் ஜர்னல்ல வந்துச்சு. எட்டுல இருந்து பன்னெண்டு வயசுப் பசங்களை ஒரு ரூம்ல விட்டு, டிராயர்ல சுட முடியாதபடி செஞ்ச நிஜ கைத்துப்பாக்கி ஒண்ணை ஒளிச்சு வச்சுட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து பாத்தாங்க. முக்கால்வாசிப் பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க, அதுல பாதிக்கு மேல கையில எடுத்தாங்க, டிரிகரை இழுத்தவங்களும் உண்டு. எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஏற்கெனவே துப்பாக்கியைத் தொடக்கூடாதுன்னு யாரோ பாடம் எடுத்திருக்காங்க, அதான் இதுல கொடுமை.

சட்டம்னு பாத்தா, டெக்சாஸ்ல பூட்டியே ஆகணும்னு பொதுவா கட்டாயம் இல்ல. ஆனா அந்த மாநிலக் குற்றவியல் சட்டத்துல பீனல் கோட் 46.13னு ஒரு பிரிவு இருக்கு, 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்கு குண்டு போட்ட துப்பாக்கி எட்டுற மாதிரி அஜாக்கிரதையா வச்சு அது கையில கிடைச்சுட்டாலே குற்றம், அந்தப் பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர் போனாலோ பெரிய காயம் ஆனாலோ அது க்ளாஸ் ஏ மிஸ்டிமீனர், அதாவது சின்னக் குற்றங்கள்லயே கடுமையான வகை. மாசசூசெட்ஸ் மாதிரி மாநிலத்துல பூட்டாம வச்சிருக்கறதே தப்பு. மிச்சிகன்ல ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்கூல்ல 2021ல சுட்ட பையனோட அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் 2024ல பத்துல இருந்து பதினஞ்சு வருஷம் ஜெயில்னு தீர்ப்பாச்சு, அவங்க எதையும் சுடல, வீட்ல துப்பாக்கியை வச்சிருந்த விதமும் பையனோட நிலைமையைக் கண்டுக்காததும்தான் கேஸ்.

சரி, என்ன பூட்டு வாங்கறது? பதினெட்டரை இன்ச் பேரல் (குழல்) உள்ள பம்ப் ஷாட்கன் மொத்தமா மூணேகால் அடி வரும், அதனால நைட்ஸ்டாண்ட் டிராயர்ல கைத்துப்பாக்கி வைக்கிற கதையே இங்க நடக்காது. ஷாட்லாக்னு ஒரு ஐட்டம் வருது, துப்பாக்கியோட நடுப்பகுதியை, அதாவது டிரிகரும் ஷெல் (தோட்டா) உள்ள போற இடமும் சேர்ந்த ரிசீவரை மட்டும் ஒரு இரும்புப் பெட்டி கவ்விப் பிடிச்சுக்கும், பேரலும் தோள்ல வைக்கிற கட்டையும் வெளிய நீட்டிட்டு இருக்கும். மேல அஞ்சு பட்டன், பேட்டரி எதுவும் கிடையாது, ரகசிய எண்ணை அமுக்கித் திருகினா திறந்துடும். இருட்டுல தடவியே திறக்கலாம், எனக்கு இதான் ரொம்பப் பிடிச்சது. ஹார்னடிங்கற கம்பெனில ரேடியோ டேக்கை (ஆபீஸ் கதவு கார்டு மாதிரி) காட்டினா திறக்கற சுவர் லாக் இருக்கு, வேகம் அதிகம், ஆனா கரண்ட், பேட்டரி சமாச்சாரம்னு எனக்கு ஒரு பயம். முழு துப்பாக்கியும் மறையணும்னா கட்டிலுக்கு அடியில படுக்கப் போடற நீளப் பெட்டி சேஃப் கிடைக்குது, அதையும் கட்டில் சட்டத்தோடயோ தரையோடயோ கட்டி வைக்கணும், இல்லன்னா திருடன் பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவான்.

சுவத்துல மாட்டும்போது ட்ரைவால்ல, அதாவது மேல இருக்கற ஜிப்சம் பலகைல மட்டும் ஸ்க்ரூ போட்டுடாதீங்க, அது அப்பளம் மாதிரி, ரெண்டு இழுப்புல கையோட வந்துடும். உள்ள மரச் சட்டம், ஸ்டட், வழக்கமா 16 இன்ச்சுக்கு ஒண்ணு வரும், ஸ்டட் ஃபைண்டர் வச்சுத் தேடி அதுல போல்ட் இறக்குங்க.

விரல் ரேகை சேஃப் வேணாம்னுதான் சொல்லுவேன். 2023ல ஒரு கம்பெனியோட ரேகை சேஃப் அறுபதாயிரத்துக்கு மேல கன்சியூமர் சேஃப்டி கமிஷன் ரீகால் பண்ணுச்சு, அதாவது திரும்பப் பெறச் சொல்லுச்சு, ரேகை பதிஞ்சாச்சுன்னு ஓனர் நினைச்சுட்டு இருப்பார், யார் விரல் வச்சாலும் அது திறக்கும். பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன் செத்துப்போன கேஸும் அதோட வந்துச்சு. வச்சிருக்கறவங்க வேற யாரையாவது விரல் வைக்கச் சொல்லி டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

துப்பாக்கியை எந்த நிலையில வைக்கணும்ங்கறது இன்னொரு விஷயம். பேரலுக்குக் கீழ இருக்கற ட்யூப்ல ஷெல் இருக்கட்டும், சுடத் தயாரா ஷெல் உக்கார்ற சேம்பர் காலியா இருக்கணும். போலீஸ் காருக்குள்ள வைக்கிறதும் இப்படித்தான். பம்ப் ஷாட்கன்ல சேஃப்டிங்கற தடுப்புப் பட்டன் பெரும்பாலும் டிரிகரைத்தான் தடுக்கும், சேம்பர்ல ஷெல் இருக்கும்போது கீழ விழுந்து அடி வாங்கினா என்ன ஆகும்னு அதுக்கு அக்கறை இல்ல. தேவைப்பட்டா ஒருதடவை இழுத்துத் தள்ளினா போதும், ஷெல் ஏறிடும். ஆனா ஏழு வயசுப் பையனும் பலம் கொடுத்து இழுத்துடுவான், அதனால சேம்பர் காலிதானேன்னு பூட்டு போடாம விட்டுடாதீங்க. மாஸ்பெர்க்ல சேஃப்டி மேல கட்டைவிரல்ல, ரெமிங்டன் 870ல டிரிகருக்குப் பின்னாடி, உங்களோடது எதுன்னு பாத்து வீட்டம்மாவும் காலி துப்பாக்கியில பழகிக்கணும்.

மாட்டுற இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி கட்டில்ல உக்காந்து ஒரு தடவை சுத்திப் பாருங்க, துப்பாக்கியைக் கதவுப் பக்கம் நீட்டினா அந்த லைன்ல பின்னாடி என்ன இருக்கு? பையன் ரூம்னா பெரிய பிரச்சினை. பெரிய ஈயக் குண்டுகள் இருக்கற டபுள் ஆட் பக்‌ஷாட் ட்ரைவால் சுவத்தை ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா துளைச்சுட்டுப் போகும்.

நம்மாளுங்க யாரும் பேசாத இன்னொண்ணு, விசா. எச்1பி, எச்4, எஃப்1, டூரிஸ்டா வர்ற பி2னு நிரந்தரமாக் குடியேறாத எந்த நான்‌இமிக்ரண்ட் விசாவுல இருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கியோ ஷெல்லோ வச்சிருக்கக் கூடாது, ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. க்ரீன் கார்டு இருந்தா பிரச்சினை இல்ல. இப்ப ஊர்ல இருந்து அப்பா அம்மா பி2ல ஆறு மாசம் வந்து தங்கினா, நீங்க ஆபீஸ் போனப்புறம் வீட்ல இருக்கறது அவங்கதான், "அவசரத்துக்கு இருக்கட்டும்ப்பா"ன்னு அவங்ககிட்ட ரகசிய எண்ணைச் சொல்லிடாதீங்க, சாவியும் கொடுக்காதீங்க. அவங்களே திறந்து எடுக்கற மாதிரி இருந்தா, அவங்க வச்சிருக்கறதாவே கணக்காக வாய்ப்பிருக்கு. வீட்ல யாராவது மனசு உடைஞ்சு போய் இருந்தா ரகசிய எண்ணை மாத்திடுங்க, கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கி வீட்லயே வேணாம்னாலும் தப்பில்ல, இந்த நாட்டுல துப்பாக்கிச் சாவுல பாதிக்கு மேல தற்கொலைதான்.

லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது ஷெல் எல்லாத்தையும் வெளிய எடுத்து வேற இடத்துல பூட்டிட்டு, கேபிள் லாக் ஒண்ணு ரிசீவர் வழியா மாட்டிட்டுப் போங்க, ப்ராஜெக்ட் சைல்ட்சேஃப்னு ஒரு திட்டத்துல பல போலீஸ் ஸ்டேஷன்ல இதை இலவசமாவே கொடுக்கறாங்க. ஹூஸ்டன் மாதிரி ஈரக் காத்து அடிக்கற ஊர்னா கிளம்பறதுக்கு முன்னாடி எண்ணெய்த் துணியால ஒருதடவை துடைச்சுடுங்க, வெயில் காலத்துல ஏசியை முழுசா அணைச்சுட்டுப் போனா திரும்பி வரும்போது பேரல்ல துரு ஏறியிருக்கும்.